ஒரு வாழைப்பழம், 14 பக்கக் காகிதம்

காப்பிரைட் வழக்குகள் பார்க்கிற வக்கீல் நான். என்னிடம் வரும் ஓவியர்களும் சிற்பிகளும் பெரும்பாலும் ஒரே பேச்சோடுதான் நாற்காலியில் உட்காருவார்கள்: "எழுதி எல்லாம் வெச்சுக்கல மேடம், நம்பிக்கையில பண்ணினோம்." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மௌரிட்சியோ கத்தெலான் என்கிற இத்தாலியக் கலைஞர் ஞாபகத்துக்கு வருவார். சுவரில் வாழைப்பழத்தை டேப் போட்டு ஒட்டினாரே, அவர்தான். ஊரே அவரைக் கோமாளி என்கிறது. என் கண்ணுக்கு அவர் காகிதத்தின் அருமை தெரிந்த மனிதர்.

1960இல் பதுவா நகரில் பிறந்தவர். அப்பா லாரி டிரைவர், அம்மா வீடுகளைச் சுத்தம் செய்து சம்பாதித்தவர். கலைக் கல்லூரிப் பக்கமே போனதில்லை. பிணவறை உட்பட பல இடங்களில் வேலை பார்த்துவிட்டு, மேசை நாற்காலி வடிவமைத்து, அப்புறம்தான் கலைக்கு வந்தார். சிற்பம், புகைப்படம், பத்திரிகை, கண்காட்சி அமைப்பு என்று எல்லாவற்றிலும் கைவைத்தார். 2006இல் பெர்லின் பியென்னாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியை அமைத்த மூவரில் அவரும் ஒருவர். 2010இல் புகைப்படக்காரர் பியெர்பாவ்லோ ஃபெராரியோடு சேர்ந்து 'டாய்லெட் பேப்பர்' என்று ஒரு படப் பத்திரிகை தொடங்கினார்.

எனக்குப் பிடித்தது அவருடைய ஆரம்ப கால வேலைதான். 1991இல் ஒரு கண்காட்சிக்குக் கொடுக்க அவர் கையில் எதுவும் இல்லை. நேராகக் காவல் நிலையம் போய், காரில் இருந்த 'கண்ணுக்குத் தெரியாத சிற்பம்' திருடு போய்விட்டது என்று புகார் எழுதிக் கொடுத்தார். போலீஸ்காரர் தட்டச்சு செய்து முத்திரை குத்திக் கொடுத்த அந்தப் புகாரை ஃபிரேம் போட்டு மாட்டினார். அதுவே படைப்பு. (இங்கே யாரும் முயன்று பார்க்க வேண்டாம். பொய்ப் புகார் கொடுத்தால் தண்டனை உண்டு.) இரண்டு வருடம் கழித்து வெனிஸ் பியென்னாலேயில் தனக்கு ஒதுக்கிய இடத்தை ஒரு விளம்பர நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டார். அங்கே வாசனைத் திரவிய விளம்பரப் பலகை நின்றது. முதலில் புகார் மனு, அடுத்து வாடகை ஒப்பந்தம். மனிதர் எங்கள் துறை சாமான்களை வைத்தே பிழைத்திருக்கிறார்.

இப்போது வாழைப்பழத்துக்கு வருவோம். 'கமீடியன்' என்று பெயர். 2019 டிசம்பரில் மயாமி கலைச் சந்தையில், கலைப்படைப்புகளை விற்கும் பெரோடான் காலரி 1,20,000 டாலருக்கு விற்றது. விற்பனைக்கு மூன்று பிரதிகள். அங்கேயே ஒரு கலைஞர் அதைப் பிய்த்துத் தின்றார். காலரி இன்னொரு பழத்தை ஒட்டியது, அவ்வளவுதான். 2023இல் சியோல் அருங்காட்சியகத்தில் ஒரு மாணவர் தின்றார், அங்கேயும் அதேதான். 2024 நவம்பரில் சதபீஸ் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்கு ஒரு பிரதியை வாங்கிய கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன், ஹாங்காங்கில் பத்திரிகையாளர்களை வரவழைத்து அவர்கள் முன்னாலேயே சாப்பிட்டார். ஏலத்தன்று ஒட்டுவதற்காகத் தெருக்கடையில் வாங்கிய பழத்தின் விலை 35 சென்ட்.

பழம் வயிற்றுக்குள் போன பிறகும் அவர் எப்படி உரிமையாளராக இருக்கிறார்? வாங்கியவருக்குக் கிடைப்பது சான்றிதழும் செய்முறைக் குறிப்பும்தான். குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வந்த பிரதியோடு 14 பக்கக் காகிதம் வந்தது. தரையிலிருந்து 175 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்ட வேண்டும், ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பழத்தை மாற்ற வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. அந்தக் காகிதம் இல்லாமல் நீங்களும் நானும் ஒட்டினால் அது சுவரில் ஒரு வாழைப்பழம், அவ்வளவே.

இதற்கு நேர்மாறாக, இதே கலைஞரின் 'அமெரிக்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 18 காரட் தங்கத்தில் செய்த, உண்மையிலேயே உபயோகிக்கக்கூடிய கழிப்பறை. சுமார் 98 கிலோ. 2019 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிளென்ஹைம் மாளிகையிலிருந்து திருடர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள், குழாய் உடைந்து மாளிகைக்குள் வெள்ளம். அந்தத் தங்கம் திரும்பவே இல்லை.

வாழைப்பழ யோசனை என்னுடையது என்று கலிபோர்னியாக் கலைஞர் ஒருவர் வழக்குப் போட்டார். 2000ஆம் ஆண்டிலேயே பிளாஸ்டிக் வாழைப்பழத்தையும் ஆரஞ்சையும் பச்சைப் பலகைகளில் டேப்பால் ஒட்டியிருந்தார், பதிவும் செய்திருந்தார். 2023இல் ஃபுளோரிடா நீதிமன்றம் கத்தெலான் பக்கம் தீர்ப்பளித்தது. வாழைப்பழத்தை டேப்பால் ஒட்டுவது என்ற யோசனைக்குக் காப்பிரைட் கிடையாது. "என் ஐடியாவைத் திருடிட்டாங்க" என்று வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். முகம் சுருங்கிவிடும்.

அதைவிடச் சங்கடமான வழக்கு ஒன்று பாரிஸில் நடந்தது. விண்கல் விழுந்து சாய்ந்து கிடக்கும் போப்பாண்டவர், மண்டியிட்ட ஹிட்லர் என்று கத்தெலானின் புகழ்பெற்ற மெழுகு உருவங்கள் பலவற்றைச் செய்தவர் டேனியல் துருவே என்ற பிரெஞ்சு சிற்பி. அந்த ஹிட்லர் 2016இல் 1 கோடியே 72 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இவற்றின் படைப்பாளி நான்தான் என்று துருவே உரிமை கேட்டார், கிட்டத்தட்ட 50 லட்சம் யூரோவும் கேட்டார். 2022 ஜூலையில் மனு ஏற்கத்தக்கதல்ல என்று நீதிமன்றம் தள்ளியது. காரணம், துருவே கத்தெலானை விட்டுவிட்டுக் காலரியின் மேலும் கண்காட்சி நடத்தியவர்கள் மேலும் வழக்குப் போட்டிருந்தார். உருவத்தை எங்கே, எப்படி, எந்தச் சூழலில் வைப்பது என்ற துல்லியமான கட்டளைகள் கத்தெலானிடமிருந்துதான் வந்தன என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. மெழுகில் தோலும் முடியும் கொண்டுவந்த கைக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லாமல் போனது. எனக்கு இதில் முழுத் திருப்தி கிடையாது. ஆனால் வேலை தொடங்கும் முன்பே "செய்தவர் பெயர் எங்கே வரும், மறுவிற்பனையில் பங்கு உண்டா" என்று இரண்டு வரி எழுதியிருந்தால் கதை வேறாகப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

நம் இந்தியக் காப்பிரைட் சட்டத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. காசு கொடுத்து ஓவியமோ புகைப்படமோ செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது செய்யச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது பிரிவு 17. அந்தப் பட்டியலில் சிற்பம் இல்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதும் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இதெல்லாம் போக, படைப்பாளி என்று பெயர் சொல்லிக்கொள்ளும் உரிமையைப் பிரிவு 57 தனியாக வைத்திருக்கிறது.

இதைப் படித்துக் காட்டியதும் ஒரு சிற்பிப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொருவருக்காக ஃபைபர் உருவங்கள் செய்து கொடுத்தவர், கண்காட்சியில் இவர் பெயர் இல்லை. கையில் இருந்தது அட்வான்ஸ் வந்த வங்கிக் குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப் பேச்சும் மட்டும். பாரிஸ் தீர்ப்பு மனதில் இருந்ததால், கட்டளை யார் கொடுத்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துச் சொன்னார்: "ஒரு வாய்ஸ் நோட்ல, 'முகத்தை உன் இஷ்டத்துக்குப் பண்ணு'ன்னார் மேடம்."

அது போதுமே, அனுப்புங்கள் என்றேன். அந்தப் போனை அவர் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டிருந்தார். தம்பியின் லேப்டாப்பில் பேக்கப் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கப் போனார். இரண்டு வாரம் கழித்துக் கிடைத்தது, பதினோரு வினாடி.