பாவம்: கை ஓங்கும் முன்பே வந்த சொல்

வரப்புத் தகராறில் தம்பியை வெட்டிய அண்ணன் என்று செய்தி. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் படித்துவிட்டு, "பாவம்" என்றார். செத்தவனுக்காகச் சொன்னார். வெட்டியவன் செய்ததற்கும் அதே சொல்தான் பெயர்.

பாவம் வடசொல். 'பாப' பிராகிருதத்தில் 'பாவ' ஆனது. வள்ளுவரிடமே அது இருக்கிறது. முகபாவத்தில் வரும் பாவம் வேறு.

விவிலியத்தின் எபிரேய மூலத்தில் இதற்குரிய வினைச்சொல் 'ஹாத்தா', குறி தவறுவது என்று பொருள். நியாயாதிபதிகள் 20:16இல் இடதுகைப் பழக்கமுள்ள 700 வீரர்கள் மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிவார்கள். அந்தத் 'தப்பாமல்' என்ற இடத்தில் நிற்பது இந்த வினைச்சொல்தான். புதிய ஏற்பாட்டில் பாவத்துக்கு வரும் கிரேக்கச் சொல் 'ஹமார்த்தியா'வும் அதே வகை.

அப்படியானால் தமிழில் 'தவறு' என்பதே இதற்கு நேர்ச்சொல். ஆனால் காபியில் சர்க்கரை கூடினாலும் தவறு என்கிறோம். கொலையையும் அப்படிச் சொல்ல மனம் ஒப்பவில்லை. 'தீவினை'க்கு அந்தக் கனம் உண்டு, குறளில் 'தீவினையச்சம்' ஓர் அதிகாரமே. நான் அதையே எழுதுவேன், ஒரு தயக்கத்தோடு. வினை என்றால் செய்து முடித்தது. விவிலியமோ செய்யும் முன்பே பாவத்தைக் கண்டுகொள்கிறது.

ஏதேன் தோட்டத்துக் கதையில் இந்தச் சொல்லே கிடையாது. முதன்முதலில் வருவது ஆதியாகமம் 4:7இல். ஆதாமின் மகன்களில் தம்பி ஆபேலின் காணிக்கை ஏற்கப்பட்டது, அண்ணன் காயீனுடையது ஏற்கப்படவில்லை. காயீனின் முகம் வாடிவிட்டது. பின்னால் தம்பியைக் கொல்லப்போகும் கை இன்னும் ஓங்கவில்லை. அப்போது கடவுள் சொல்கிறார்: "பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்." இந்தப் 'படுத்திருக்கும்' விலங்குக்குச் சொல்வது, ஆடு கிடை கொள்வதற்கும் சிங்கம் மடங்கிப் படுப்பதற்கும் எபிரேயத்தில் இதே வினைச்சொல்தான். "அழுக்காறு எனஒரு பாவி" என்று பொறாமையை ஓர் ஆளாகவே கண்ட வள்ளுவர் இங்கே எனக்கு நினைவுக்கு வருகிறார். சகோதரனைப் பகைக்கிறவனே கொலைபாதகன் என்று புதிய ஏற்பாட்டில் யோவான் தம் நிருபத்தில், அதாவது கடிதத்தில், எழுதுகிறார். அரிவாள் கைக்கு வந்த பிறகுதான் நமக்கு அது வன்முறை. இவர்களுக்கு அது வாடிய முகத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு வீட்டில் தொடங்கியது இரண்டே அதிகாரத்தில் ஊரெல்லாம் பரவுகிறது: "பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது." வன்முறைக்கு எபிரேயத்தில் 'ஹாமாஸ்'; பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதற்குக் 'கொடுமை' என்று போட்டது. நல்ல தேர்வு.

ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கூப்பிடுகிறது என்ற வசனத்தில், இரத்தம் எபிரேயத்தில் பன்மை: இரத்தங்கள். அவனுக்குப் பிறந்திருக்க வேண்டிய சந்ததியின் இரத்தமும் சேர்த்து என்று பழைய யூத ஆசான்கள் அதற்குப் பொருள் சொன்னார்கள்.