சொல் விளக்கம்: கோண்டுவானா

உயர்தரத்துக்குப் புவியியல் எடுக்கிற பிள்ளைகளின் கொப்பிகளைக் கொழும்பில் புரட்டினால் இந்தச் சொல் நாலைந்து உருவத்தில் கிடைக்கும்: கொண்டுவானா, கொன்ட்வானா, கொந்துவனா, கோண்டுவானாலாந்து. வெள்ளவத்தைப் போட்டோக்கொப்பிக் கடைகளில் கைமாறும் டியூசன் குறிப்புகளுக்கும் இதே கதிதான். எது சரி என்று கேட்டால், “எப்படி எழுதினாலும் புள்ளி போடுவார்கள்” என்று பதில் வரும். போடட்டும். ஆனால் இந்தப் பெயர் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் ‘கொண்டு’ என்று எழுதத் தயங்குவார்கள்.

முதலில் பொருள். தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, அரேபியா, மடகஸ்கார், இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த காலத்தில் அந்த மொத்த நிலத்துக்கும் அறிவியலார் வைத்த பெயர் கோண்டுவானா. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பழைய நிலத்துண்டுகள் மோதி ஒட்டியதில் அது உருவானது. இடையில் வடக்கே இருந்த லோரேசியாவோடு சேர்ந்து பாஞ்சியா என்ற இன்னும் பெரிய நிலமாக இருந்தது. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் உடையத் தொடங்கியது. இந்தியாவும் மடகஸ்காரும் பிரிந்தது மிகவும் பிந்தி, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

பாஞ்சியா கிரேக்கச் சொல். இதுவும் அப்படி ஏதோ கிரேக்கமோ இலத்தீனோ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. கோண்டுவானா என்பது நடு இந்தியாவின் ஒரு பகுதிக்குப் பல நூற்றாண்டுகளாக இருந்துவந்த பெயர். கோண்டு மக்கள் வாழும் நாடு அது. இன்றைய மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரத்தின் கிழக்கு ஓரம் ஆகிய பகுதிகளில் கோண்டு அரசுகள் இருந்தன. 1564இல் முகலாயப் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்ட ராணி துர்காவதி ஆண்டது அவற்றில் ஒன்றான கடா மண்டலாவை. பெயரின் முன்பாதி மக்களைக் குறிக்கிறது. பின்பாதி ‘வனம்’ என்ற சொல்லின் திரிபு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆகவே கோண்டர்களின் காடு.

அப்புறம் ஒரு விஷயம். கோண்டி மொழி நம் உறவு மொழி. தமிழ், தெலுங்கு போல அதுவும் திராவிடக் குடும்பம். 2011ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் அதைத் தாய்மொழி என்று சொன்னார்கள். அவர்கள் எண்ணும்போது இரண்டுக்கு ‘ரண்டு’, மூன்றுக்கு ‘மூண்டு’ என்பதை ஒட்டித்தான் வரும். யாழ்ப்பாணத்துக்காரர் காதில் இந்த ‘மூண்டு’ வீட்டுப் பேச்சு மாதிரியே விழும். ‘கோண்டு’ என்ற பெயரே மலையைக் குறிக்கும் தெலுங்குக் ‘கொண்ட’விலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு, நமது ‘குன்று’க்கும் அதற்கும் உறவு. ஆனால் அது மற்றவர்கள் அவர்களுக்கு இட்ட பெயர். தங்களை அவர்கள் ‘கோயித்தூர்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

காட்டின் பெயர் எப்படிக் கண்டத்துக்குப் போனது? நிலக்கரி தேடப்போன இடத்தில். இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் துறையில் இருந்த ஹென்றி பெனடிக்ட் மெட்லிகொட், அந்த வட்டாரத்தில் கண்ட ஒரு பாறைத் தொடருக்கு 1872இல் ‘கோண்டுவானா’ என்று பெயரிட்டார். அச்சில் முதலில் ஏற்றியவர் அதே துறையின் ஒட்டகார் ஃபைஸ்ட்மான்டல், 1876இல். அப்போது அது வெறும் பாறைத் தொடரின் பெயர்தான். அந்தப் பாறைகளில் நாக்கு வடிவ இலையோடு ஒரு தாவரத்தின் பதிவுகள் கிடைத்தன; குளோசோப்டெரிஸ் என்ற அதன் பெயரே கிரேக்கத்தில் ‘நாக்குப் பன்னம்’ என்றுதான் பொருள்படும். அதே இலை தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் இருந்தது. இவ்வளவு பெரிய கடலை ஒரு செடி எப்படித் தாண்டும்? 1885இல் வியன்னாவிலிருந்த புவிச்சரிதவியலார் எடுவார்ட் சூஸ், இந்தியா உட்பட இந்த நிலங்களில் சில ஒருகாலத்தில் ஒரே நிலமாக இருந்தன என்று எழுதி, அதற்குக் ‘கோண்டுவானா லாந்து’ என்று பெயர் வைத்தார். லாந்து என்றால் ஜேர்மனில் நிலம்.

சூஸ் நினைத்தது கண்டங்கள் நகர்ந்தன என்றல்ல. நடுவிலிருந்த நிலம் கடலுக்குள் அமிழ்ந்தது என்று. நகர்ந்தன என்று 1912இல் ஜேர்மன் அறிவியலார் அல்பிரட் வெகனர் சொன்னபோது பெரும்பாலானோர் ஒப்பவில்லை. அதே 1912இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த பிரித்தானியர் ஸ்கொட்டின் குழுவினரின் சாமான்களோடு ஏறத்தாழ 16 கிலோ கல் கிடந்தது. உயிர் போகும் நேரத்திலும் எறியாமல் இழுத்து வந்த கற்கள். அவற்றில் குளோசோப்டெரிஸ் பதிவும் இருந்தது. 1937இல் தென்னாபிரிக்கரான அலெக்சாண்டர் டூ டொய் தெற்கே கோண்டுவானா, வடக்கே லோரேசியா என்று கண்ட நகர்வுக் கருத்தை விரித்து எழுதினார். கடலடித் தளம் விரிகிறது என்று 1960களில் தெளிவான பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது.

சரி, எழுத்துக்கு வருவோம். இந்தியில் இது முதலெழுத்து நெடிலாகவும், நடுவில் நாவை வளைத்துச் சொல்லும் ஒலியோடும் வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் தேய்ந்துபோயின. நாம் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு ‘கொன்ட்வானா’ என்று எழுதுகிறோம். தமிழிடம் ‘கோ’வும் உண்டு, ‘ண்டு’வும் உண்டு, மூல ஒலிக்கு ஆங்கிலத்தைவிடப் பக்கத்தில் நிற்கிற எழுத்தை வைத்துக்கொண்டு ஏன் இரவல் வாங்க வேண்டும்? கோண்டுவானா என்பதே சரி. ‘கொண்டுவானா’ என்றால் யாரையோ எதையோ கொண்டு வரச் சொல்வது போலத்தான் இருக்கிறது.

‘லாந்து’ வேண்டுமா என்பதில் புவிச்சரிதவியலாரிடமே இரண்டு கட்சி. ‘வனம்’ என்பதிலேயே இடம் அடங்கிவிட்டதால் ‘லாந்து’ மிகை என்பது ஒன்று. கோண்டுவானா என்பது பாறைத் தொகுதிக்கும் பெயர், எனவே நிலத்தைப் பிரித்துக்காட்ட வால் வேண்டும் என்பது மற்றது. இரண்டாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழில் அதற்கு ஜேர்மன் வால் எதற்கு? நிலத்தைக் ‘கோண்டுவானாப் பெருங்கண்டம்’ என்றும், பாறையைக் ‘கோண்டுவானாப் பாறைத் தொகுதி’ என்றும் எழுதினால் குழப்பமே இல்லை. சிலர் ‘கோண்டவனம்’ என்று முழுக்கத் தமிழ்ப்படுத்தப் பார்க்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஊர்ப்பெயரை மொழிபெயர்ப்பது தேவையில்லாத வேலை. அதிலும் வனம் தமிழும் அல்ல.

பெருங்கண்டம் என்றேன். ‘கண்டம்’ என்பதையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். வடமொழியில் அதற்குத் துண்டு என்று பொருள். ‘கண்டதுண்டமாக’ என்கிறோமே, அதே கண்டம். நீலகண்டனின் கண்டம் கழுத்து. சாதகக்காரர் ‘தண்ணீரில் கண்டம்’ என்றால் அது ஆபத்து. இந்தத் துண்டு என்ற பொருளைக் கவனிக்காததால்தான் குமரிக் கண்டத்தில் இவ்வளவு சிக்கல். நம் கோயில்களில் படித்துப் பயன் சொல்லும் கந்தபுராணத்தில் குமரிகண்டம் வருகிறது. ஆனால் அங்கே அது பரத நாட்டின் ஒன்பது பிரிவுகளில் ஒன்று. கடலில் மூழ்கிய தனிக் கண்டம் அல்ல. லெமூரியா வேறு கதை: மடகஸ்காரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதை விளக்க, 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் லெமூர் என்ற விலங்கின் பெயரால் கற்பனை செய்த நிலம் அது. கண்டங்கள் நகர்ந்தன என்று தெரிந்ததும் லெமூரியாவுக்கு வேலை இல்லாமல் போனது. இந்த இரண்டையும் கோண்டுவானாவோடு சேர்த்துக் குழைத்து ‘தமிழன் வாழ்ந்த கோண்டுவானா’ என்று வாட்சப்பில் சுற்றுகிறது. கோண்டுவானா உடையும்போது மனிதன் என்ற இனமே இல்லை.

கோண்டுவானாவைப் பார்க்க வேண்டுமென்றால் வாட்சப் வேண்டாம், வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனால் போதும். தண்டவாளத்தை அலை அரிக்காமல் கொட்டியிருக்கும் கருங்கற்களில் ஒன்றின் உடைந்த முகத்தைப் பார்க்கலாம். கறுப்பும் வெளிறலுமாகப் பட்டை பட்டையாக ஓடும். சிலவற்றில் மிளகளவு செம்பழுப்புப் பொட்டுகள் தெரியும். அது கார்னட் என்ற கனிமம். நிலத்துக்கு அடியில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், பாறை பாதி உருகும் சூட்டில் வெந்தால்தான் இப்படி ஆகும். கோண்டுவானா ஒட்டிச் சேர்ந்த அந்த மோதலில்தான் இலங்கையின் மலைநாட்டுப் பாறை இப்படி வெந்தது. அப்போது நமக்குப் பக்கத்து வீடு கிழக்கு அந்தாட்டிக்கா. இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு இந்த மாதிரிப் பழம் பாறைதான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மிகப் பிந்தியது.

இந்த நாட்டின் கனிமங்களை முதலில் முறையாக அளந்தவர் கொழும்பில் பிறந்த தமிழர் மகன் என்பதை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆனந்த குமாரசுவாமியை நடராசர் சிலையின் பொருள் சொன்னவராகத்தான் தெரியும். அவர் படித்துப் பட்டம் பெற்றதில் புவிச்சரிதவியலும் உண்டு. இலங்கைக் கனிம அளவைத் துறையின் முதல் பணிப்பாளர் அவர். பலாங்கொடைப் பக்கத்துச் சரளையிலிருந்து அவர் அனுப்பிய கறுத்த கனதியான கல்தான் 1904இல் தோரியனைட் என்ற புதுக் கனிமமாகப் பெயர் பெற்றது.

இரத்தினக்கல்லும் அதே வேக்காட்டின் பிள்ளைதான். மலையில் உருவான நீலக்கல் ஆற்றோடு இறங்கி, சிங்களத்தில் ‘இல்லம’ என்னும் சரளைப் படையில் தங்கும். இரத்தினபுரியில் குழி வெட்டுவது அதற்காகத்தான். 1998இல் மடகஸ்காரின் தெற்கே இலகாகா என்ற இடத்தில் நீலக்கல் கண்டுபிடிக்கப்பட்டதும், நம்மூர் வியாபாரிகள் அங்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கல்லை அவர்களுக்குப் புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக் கடதாசிப் பொட்டலத்தைப் பிரித்து, இடுக்கியில் தூக்கி, பத்து மடங்கு கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் சிலோன் நீலமா மடகஸ்கார் நீலமா என்று கண்ணால் அறுதியிடுவது கடினம். ஆய்வுகூடமே பல கற்களில் திணறுகிறது. உள்ளே ஓடும் பட்டிழை போன்ற ஊசிகள்கூட ஒத்துப்போகின்றன. ஒரே மோதலில் ஒரே சூட்டில் விளைந்த கல் வேறு எப்படி இருக்கும்? ஆனால் விலையில் ‘சிலோன்’ என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு. ஆகவேதான் சான்றிதழ் கேட்கிறார்கள்.

பெயருக்குக் காரணமான நிலக்கரி மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. வணிகத்திலும் பாடநூலிலும் ‘கோண்டுவானா நிலக்கரி’ என்று வருவது ஓர் ஊரின் கரியை அல்ல, ஒரு காலத்துக் கரியை. ஏறத்தாழ 30 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், தெற்கு நிலங்களை மூடியிருந்த பனி விலகியதும், ஈரச் சதுப்பில் குளோசோப்டெரிஸ் காடு மண்டி, புதைந்து, கரியானது. இந்தியாவின் நிலக்கரியில் 98 வீதத்துக்கு மேல் இந்த வகை. ராணிகஞ்சில் 1774இலேயே வெட்டத் தொடங்கிவிட்டார்கள். சாம்பல் அதிகம் என்பது இந்தியக் கரியின் குறை. தென்னாபிரிக்கா, கிழக்கு அவுஸ்திரேலியா கரிகளும் இதே காலத்தவை.

இலங்கையில் அந்தக் காலத்துப் படிவு இல்லை. புத்தளத்துக்குக் கிட்டே தப்போவவில் உள்ள படிவுகள் அதற்குப் பிந்திய யுராசிக் காலத்தவை. அவற்றில் கோண்டுவானாப் பாறைத் தொகுதியின் மேற்படைகளுக்குரிய வகைத் தாவரங்களின் இலைப் பதிவுகள் கிடைத்திருக்கின்றன. எரிக்கக் கரி இல்லை. அதே புத்தளம் மாவட்டத்தில்தான் 900 மெகாவாற் நுரைச்சோலை மின்னிலையம் நிற்கிறது. கரி கப்பலில் வருகிறது. தென்னாபிரிக்காவிலிருந்து வந்தால் அது கோண்டுவானா நிலக்கரி. இந்தோனேசியாவிலிருந்து வந்தால் அல்ல, அது மிகப் பிந்திய காலத்துக் கரி.