அன்ரிபயோட்டிக் முடிந்த பிறகு குடலில் நடப்பவை

கொழும்பில் தொண்டை நோவுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ டொக்டரிடம் காட்டிவிட்டுப் பாமசிக்குப் போனால், அன்ரிபயோட்டிக் குளிசையோடு, உயிருள்ள நல்ல கிருமிகளை அடைத்த புரோபயோட்டிக் கப்சூல் அட்டையொன்றும் சேர்ந்து வருவது இப்போது வழமையாகிவிட்டது. "வயித்தால போகாமல் இருக்க இதையும் போடுங்கோ" என்பார்கள். சில வேளை பில்லில் அதுதான் கூடிய விலை. அந்தக் கப்சூல் குடலுக்குள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிய வேண்டுமானால், அன்ரிபயோட்டிக் அங்கே எதைக் குலைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் உடலில் உள்ள பற்றீரியாக்கள் மனிதக் கலங்களை விடப் பத்து மடங்கு என்று இன்னும் மேடைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது 1970களின் தோராயக் கணக்கு. 2016இல் ஆய்வாளர் ரொன் செண்டரும் கூட்டாளிகளும் திரும்ப எண்ணிப் பார்த்தபோது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்குப் பற்றீரியா சுமார் 38 ரில்லியன், சொந்தக் கலங்கள் சுமார் 30 ரில்லியன் என்று வந்தது. அத்தனை பற்றீரியாவும் சேர்ந்து 200 கிராம் அளவுதான். பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. இரைப்பையில் அமிலம் கொன்றுவிடும். சிறுகுடலில் உணவு வேகமாக ஓடும், பித்தமும் வந்து சேரும். பெருங்குடலில் மிச்சம் ஒரு நாளோ அதற்கு மேலோ தங்குகிறது. அங்கே ஒரு மில்லிலீற்றரில் நூறு பில்லியன் பற்றீரியா வரை இருக்கும்.

அங்கே வாழ்பவற்றில் பெரும்பாலானவைக்கு ஒட்சிசன் நஞ்சு. குடற்சுவருக்குப் பின்னால் இரத்தம் ஓடுகிறது, அதில் ஒட்சிசன் நிறைய உண்டு. அது உள்ளே கசியாமல் தடுப்பது எது?

நாம் சமிபாடடையச் செய்ய முடியாத நார்ப்பொருளைப் பெருங்குடல் பற்றீரியாக்கள் நொதிக்க வைத்து மூன்று சிறிய கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன: அசற்றேற்று, புரொப்பியனேற்று, பியூற்றிரேற்று. ஏறத்தாழ 60:20:20 என்ற விகிதம். மூன்றாவதுதான் இங்கே முக்கியம். பெருங்குடலின் உட்சுவர்க் கலங்கள் தமக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் பியூற்றிரேற்றை எரித்தே பெறுகின்றன. எரிப்பதற்கு ஒட்சிசன் வேண்டும். பின்னால் உள்ள இரத்தத்திலிருந்து வருவதை அந்தக் கலங்களே தின்று தீர்த்துவிடுகின்றன. குடலின் உட்பக்கம் ஒட்சிசன் இல்லாமல் இருப்பதற்குக் காரணம் இது. பற்றீரியா சுவருக்கு உணவு தருகிறது, சுவர் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் இல்லாத இடம் தருகிறது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. இந்தக் கொழுப்பமிலங்களைச் சுவர் உறிஞ்சும்போது சோடியமும் கூடவே போகிறது, சோடியத்தோடு தண்ணீரும் போகிறது. நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர் இப்படி உள்ளே இழுக்கப்படுவதால்தான் மலம் மலமாக இருக்கிறது.

அன்ரிபயோட்டிக் வந்ததும் இந்தச் சங்கிலி அறுகிறது. பியூற்றிரேற்று உண்டாக்கும் இனங்கள் பலவும் மருந்துக்கு எளிதில் மடிபவை. எரிபொருள் வராத சுவர்க் கலங்கள் குளுக்கோசை ஒட்சிசன் இல்லாமல் உடைக்கும் வழிக்கு மாறுகின்றன. தின்னப்படாத ஒட்சிசன் உள்ளே கசிகிறது. ஒட்சிசன் இருந்தால் வேகமாகப் பெருகக்கூடிய ஈ.கோலை, சல்மொனெல்லா வகையினருக்கு அதுதான் வாய்ப்பு. நொதிக்காத காபோவைதரேற்று குடலிலேயே நின்று தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது. சோடியமும் தண்ணீரும் முன்போல் உறிஞ்சப்படுவதில்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் வயிற்றோட்டம். கோ-அமொக்சிக்ளாவ் என்ற அன்ரிபயோட்டிக்கில் இது சற்று அதிகம், ஏனென்றால் அதிலுள்ள கிளவுலனேற்று குடலின் அசைவையும் தூண்டிவிடும்.

மருந்து நின்றதும் பெரும்பாலான இனங்கள் தாமாகவே திரும்பி வருகின்றன. 2018இல் டென்மார்க்கில் நடந்த ஆய்வில், 12 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு மூன்று கடுமையான அன்ரிபயோட்டிக்குகளைச் சேர்த்து 4 நாள் கொடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் குடல் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தது. ஆனால் முன்பு எல்லாரிடமும் இருந்த 9 இனங்கள், 180 நாளுக்குப் பிறகும் பெரும்பாலானவர்களிடம் காணப்படவில்லை. தடிமனுக்கெல்லாம் அன்ரிபயோட்டிக் கேட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்த ஒன்பதை.

இனிக் கப்சூலுக்கு வருவோம். அதிலுள்ள பற்றீரியா குடலில் குடியேறும் என்ற நம்பிக்கைதான் முதல் தவறு. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையைக் கடந்து போகிறவர் வெள்ளவத்தைவாசி ஆகிவிடுவதில்லை. கப்சூலை நிறுத்திச் சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில், அவை பெரும்பாலும் வெளியேறிவிடும். அதனால் பயனே இல்லை என்று ஆகாது. போகிற வழியில் வேலை செய்யலாம். பிள்ளைகளுக்கு அன்ரிபயோட்டிக்கோடு புரோபயோட்டிக் கொடுத்த 33 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் குழு 2019இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. புரோபயோட்டிக் எடுத்தவர்களில் 8 வீதத்தினருக்கு வயிற்றோட்டம். எடுக்காதவர்களில் 19 வீதத்தினருக்கு. நாளொன்றுக்கு 5 பில்லியன் கிருமிகளுக்குக் குறையாத அளவில் பலன் கூடியது.

மறுபக்கமும் உண்டு. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் அன்ரிபயோட்டிக் எடுத்த சிலருக்கு 11 வகை கலந்த புரோபயோட்டிக்கைக் கொடுத்தார்கள், சிலரைச் சும்மா விட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களின் குடல் சில வாரங்களில் பழைய நிலையை நெருங்கியது. கப்சூல் எடுத்தவர்களுக்கு அது மாதக்கணக்கில் பின்தங்கியது. வந்த விருந்தாளிகள் வீட்டுக்காரரின் வருகையைத் தடுத்துவிட்டார்கள் போலும். ஆளெண்ணிக்கை சிறியது, கலவையும் ஒன்றே ஒன்றுதான். எல்லாக் கப்சூலுக்கும் இதைப் பொருத்த முடியாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் கணிப்பு இதுதான்: முன்பு அன்ரிபயோட்டிக்கால் கடுமையாக வயிற்றோட்டம் வந்தவருக்கு, மருந்து எடுக்கும் நாட்களிலும் அதன் பின் சில நாட்களிலும் கப்சூல் உதவும். "குடலைத் திரும்பக் கட்டியெழுப்ப" என்று மூன்று மாதம் தொடர்வதற்கு ஆதாரம் இல்லை. சாதாரண வயிற்றோட்டத்துக்கும் இதையே கொடுக்கும் பழக்கம் உண்டு. ஆனால் 2018இல் வட அமெரிக்காவில் நடந்த இரு பெரிய ஆய்வுகளில், வயிற்றோட்டத்தோடு அவசர சிகிச்சைக்கு வந்த சிறுபிள்ளைகளுக்கு இலக்டோபசிலஸ் கப்சூலால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அங்கே பிள்ளையைக் காப்பது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூளான ஜீவனிதான். பொதியில் எழுதிய அளவுத் தண்ணீரில், கூட்டாமல் குறைக்காமல் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

வாங்குவதென்றால் லேபலைப் படியுங்கள். பேரினம், இனம், அதன் பின் எழுத்தோ இலக்கமோ கொண்ட குலவகைக் குறி, இந்த மூன்றும் இருக்க வேண்டும். இலக்டோபசிலஸ் ரம்னோசஸ் ஜீஜீ என்றிருந்தால் ஆய்வு செய்யப்பட்ட குலவகை. ரம்னோசஸ் என்பதோடு நின்றுவிட்டால் எது என்று தெரியாது. ஒரு குலவகையின் ஆய்வு முடிவு இன்னொன்றுக்குச் செல்லாது. 2020இல் இலக்டோபசிலஸ் பேரினத்தையே 25ஆகப் பிரித்துவிட்டார்கள், ஆகவே அதே கிருமி புதிய அட்டைகளில் இலக்டிகேசிபசிலஸ் என்ற பெயரில் வரும், குழம்ப வேண்டாம். அட்டையில் போட்டிருக்கும் உயிருள்ள கிருமிகளின் எண்ணிக்கை காலாவதித் திகதி வரைக்குமா, உற்பத்தி செய்த நாளுக்கா என்றும் பாருங்கள். 30 பாகை வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊரில் உலர்த்திய பற்றீரியா நாளுக்கு நாள் சாகும். குளிரில் வைக்கச் சொல்லும் அட்டை, பாமசியின் பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தரப்படாமல் வெயில் படும் கண்ணாடி அலுமாரியிலிருந்து வந்தால் வாங்காதீர்கள். பற்றீரியாக் கப்சூலை அன்ரிபயோட்டிக்குக்கு இரண்டு மணித்தியாலமாவது தள்ளி, சாப்பாட்டோடு எடுங்கள். உணவு இரைப்பை அமிலத்தின் கடுமையைக் குறைக்கும். சில கப்சூல்களில் வரும் சக்கரோமைசிஸ் பூலார்டி பற்றீரியா அல்ல, மதுவம். பற்றீரியாவுக்கான மருந்து அதைக் கொல்லாது, அதனால் இடைவெளி தேவையில்லை. 1920களில் இந்தோசீனாவில் லைச்சி, மங்குஸ்தான் பழத் தோல்களிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஹென்றி பூலார் பிரித்தெடுத்தது அது.

உயிருள்ளதை விழுங்குகிறோம் என்பதை மறக்கக்கூடாது. நெதர்லாந்தில் கணையம் கடுமையாக அழற்சியடைந்த நோயாளிகளுக்குப் புரோபயோட்டிக் கலவை கொடுத்த ஆய்வில் (2008) 16 வீதத்தினர் இறந்தார்கள். கொடுக்காதவர்களில் 6 வீதம். குறைமாதக் குழந்தை, கீமோதெரபி எடுப்பவர், பெரிய நாளத்தில் குழாய் பொருத்தப்பட்டவர், இவர்களுக்கு வைத்தியர் சொல்லாமல் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது. அன்ரிபயோட்டிக் எடுக்கும்போதோ முடிந்து சில வாரங்களிலோ நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால், கூடவே காய்ச்சலோ இரத்தமோ இருந்தால், வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை போடாமல் உடனே காட்டுங்கள். குளொஸ்ரிடியோயிடிஸ் டிஃபிசில் என்ற கிருமியாக இருக்கலாம். சாதாரணமாக நம் குடற் பற்றீரியா பித்த அமிலங்களை மாற்றி அதைப் பெருகவிடாமல் வைத்திருக்கும். அந்தப் பற்றீரியா போனால் காவலும் போகும். இது திரும்பத் திரும்ப வரும்போது ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்துச் செலுத்துவதே சிறந்த சிகிச்சைகளில் ஒன்று. 2013இல் வெளியான ஆய்வில் முதல் தடவையிலேயே 16 பேரில் 13 பேர் குணமானார்கள். வெறும் வன்கோமைசின் என்ற அன்ரிபயோட்டிக்கில் 13 பேரில் 4 பேர்தான். அருவருப்பாக இருக்கலாம், ஆனால் முழுச் சமூகத்தையே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் ஒன்றிரண்டு கிருமியைக் கப்சூலில் அனுப்புவதற்கும் உள்ள தூரம் அந்த எண்களில் தெரிகிறது.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்? அப்பமும் தோசையும் நொதித்த மாவுதான், ஆனால் சட்டியில் வெந்ததும் கிருமி செத்துவிடும். சட்டித் தயிரில் உயிரோடு இருக்கும். எருமைப்பாலை நன்கு காய்ச்சி ஆறவிட்டு, முந்தைய தயிரில் கொஞ்சம் உறை ஊற்றிச் சட்டியில் வைப்பார்கள். மண்சட்டி தண்ணீரை மெல்ல உறிஞ்சி வெளியே விடுவதால்தான் அது வெட்டி எடுக்கிற மாதிரி இறுகுகிறது. மேலே குமிழியும் கள்வாடையும் வந்திருந்தால் மதுவம் பெருகிவிட்டது என்று அர்த்தம், வெயிலில் கிடந்த சட்டி. யோகட்டிலும் தயிரிலும் உள்ள பற்றீரியா குடலில் தங்காவிட்டாலும் பாற்சீனியை உடைக்க உதவும். வயிற்றோட்டத்துக்குப் பின் பால் ஒத்துக்கொள்ளாமல் போகிறவர்கள் சில நாள் தயிரை எடுப்பது அந்த வகையில் சரியான பழக்கம்.

ஆனால் குடலின் பழைய குடிகளுக்கு வேண்டியது நார்ப்பொருள். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் அரைக் கிராம்கூட இல்லை. அதே அளவு அவித்த கடலையிலும் பாசிப்பயறிலும் 7 கிராமுக்கு மேல். காலைப் பாணுக்குப் பதிலாக ஒரு கோப்பை அவித்த பயறு, பகலில் ஒரு கீரை, ஒரு பருப்பு என்று வைத்தாலே கணக்கு பாதிக்கு மேல் வந்துவிடும்.

ஆறிய சோற்றிலும் ஒரு விடயம் உண்டு. குளிரும்போது மாப்பொருளின் ஒரு பகுதி மீண்டும் இறுகி, சிறுகுடலில் உடையாமல் பெருங்குடலுக்குப் போகிறது. பியூற்றிரேற்றுக்கு நல்ல மூலப்பொருள் அது. கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த சுதைர் ஜேம்ஸும் வழிகாட்டி புஷ்பராஜா தவராஜாவும் 2015இல் இதை ஒரு முறையாகவே முன்வைத்தார்கள்: கொதிநீரில் அரிசி எடையின் 3 வீதம் தேங்காயெண்ணெய் ஊற்றி, அரிசியைப் போட்டு வேகவைத்து, 12 மணித்தியாலம் பிரிட்ஜில் வைப்பது. சில அரிசியில் இந்த உடையாத மாப்பொருள் பத்து மடங்காகியது, திரும்பச் சூடாக்கியும் குறையவில்லை. பத்து மடங்கு என்றதும் துள்ள வேண்டாம். சோற்றில் முதலில் இருப்பது மிகச் சிறிய அளவு, அதனால் இது கடலைக்கு ஈடாகாது. ஒரு எச்சரிக்கை: சோற்றை இரவு முழுக்க மேசையில் வைத்தால் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியா முளைக்கும். அதன் வித்திகள் வேகும்போது சாகாது, வாந்தியை உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அகலத் தட்டில் பரப்பி ஒரு மணித்தியாலத்துக்குள் ஆற்றி பிரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள்.

நாரை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும், ஏனென்றால் நொதிக்கும்போது ஐதரசனும் காபனீரொட்சைட்டும் வருகின்றன. முதல் வாரம் அரைக் கோப்பை கடலை, பிறகு கூட்டலாம். கடலையை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். வாயுவை அதிகம் உண்டாக்கும் ரஃபினோஸ் வகைச் சீனிகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும்.