நொய்யல் ஓரத்துத் தோட்டக்காரர்களுக்கு: மனு ரசீதை நம்பி ஐந்து வருடத்தைத் தொலைத்துவிடாதீர்கள்

வெள்ளியங்கிரி மலையில் இறங்கி, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயருள்ள ஊரிலேயே காவிரியோடு சேருகிறது நம்ம ஆறு. ஆறு முடிகிற அந்தப் பக்கம்தான் எங்கள் பெரியப்பாவின் தோட்டம். கிணற்றுத் தண்ணீர் உப்புக்கரித்து, வாழை கருகி, கடைசியில் தென்னையும் குரும்பை உதிர்க்க ஆரம்பித்த பிறகு, வருடக்கணக்காக அவர் மனு கொடுத்தார். ரசீதையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அந்தப் பையைப் பிரித்துப் பார்த்த வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதில் ஏதாவது ஒன்று வழக்காகப் போட்டதுங்களா?" ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கதைச் சுருக்கம். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்கென்று வந்தது. மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் இருந்து வந்த சாயத்தண்ணீர் அதில் தேங்கி, அந்த அணைத் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகளே "தண்ணீர் விடாதீர்கள்" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004இல் கணக்குப் போட்டு, 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ரூ.24.79 கோடி தர வேண்டும் என்றது. ஆயக்கட்டுதாரர் சங்கம் போட்ட வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளில் இருந்து ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்கு வரக்கூடாது என்றது, 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது, அப்படியும் கேட்காததால் 2011 ஜனவரியில் திருப்பூர்ப் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லி உத்தரவு வந்தது. இன்று எல்லோரும் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்கிறார்களே, அதன் வேர் இதுதான். கழிவுநீரை ஆர்.ஓ. (உப்பைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி) போட்டுச் சுத்தப்படுத்தித் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்த வேண்டும்; மிஞ்சுகிற உப்புக்கரைசலைக் காய்ச்சி உப்பாகவே எடுத்துவிட வேண்டும். ஆகவே, இரவோடு இரவாக வாய்க்காலில் கலர்த்தண்ணீர் ஓடினால் அது எந்த அளவில் இருந்தாலும் விதிமீறல்தான்.

சரி, பாதிக்கப்பட்டவருக்கு என்ன உரிமை? அதைச் சொல்வது தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கிற நீதிமன்றம் மாதிரிதான் இந்தத் தீர்ப்பாயம். சட்டத்தின் 15ஆவது பிரிவு மூன்றைக் கேட்க வழி தருகிறது: பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, கெட்டுப்போன சொத்தைப் பழையபடி சரிசெய்து தருவது, கெட்டுப்போன சூழலையே மீட்டெடுப்பது. நம்மவர்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் பெரிய ஆதங்கம். ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் வந்து, அது செலவாகியும் போய்விடும். மண்ணில் ஏறிய உப்பு அங்கேயே கிடக்கும். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் அனல்மின் நிலையச் சாம்பலால் தூர்ந்துபோனதற்குப் போட்ட வழக்கில், சாம்பலை அகற்றி ஆற்றையும் சதுப்பு நிலத்தையும் சீரமைக்கும்படி இதே தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு 2022இல் உத்தரவிட்டது. ஆற்றைத் திருப்பிக் கொடு என்று கேட்பது நடக்காத காரியம் இல்லை, மனுவிலேயே அதை எழுதிக் கேட்க வேண்டும்.

எதற்கெல்லாம் இழப்பீடு என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிர், காய்கறி, மரம், தோப்பு, மண், தண்ணீர், தொழில் இழப்பு எல்லாம் வரும். பால்மாடும் உழவுமாடும்கூடப் பேர் சொல்லி வந்திருக்கின்றன. காங்கேயம் மாடு வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். தண்ணீர் குடித்து மாடு சினை பிடிக்காமல் போவதை நாம் பேசிப் புலம்புகிறோமே தவிர, கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கி வைப்பதில்லை.

அப்புறம் அலுவலகத்துக்கு அலுவலகம் நம் வாயை அடைக்கிற அந்தக் கேள்வி: "எந்தப் பட்டறைத் தண்ணீர் என்று உங்களால் சொல்ல முடியுமா?" நூறு பட்டறை இருக்கிற ஆற்றில் யாரால் சொல்ல முடியும்? சொல்லத் தேவையில்லை. பல இடத்துக் கழிவு சேர்ந்து வந்த பாதிப்பு என்றால், பொறுப்பை எல்லோருக்கும் நியாயமாகப் பங்கிட்டுப் போட 17ஆவது பிரிவு தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. பட்டறைக்காரர் வேண்டுமென்றே செய்தார், கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பாதிப்பு நடந்ததையும் அது பட்டறைக் கழிவால் வந்ததையும் காட்டினால் போதும்.

இப்போது கெடு. இழப்பீடோ சீரமைப்போ கேட்க, காரணம் முதன்முதலில் எழுந்த நாளில் இருந்து ஐந்து வருடம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தரலாம், அதற்கு மேல் சட்டத்தில் இடமில்லை. இழப்பீடு இல்லாமல் கழிவை நிறுத்தச் சொல்லி மட்டும் 14ஆவது பிரிவில் போவதென்றால் ஆறே மாதம், கூட அதே 60 நாள். தாலுகா ஆபீசிலும் கலெக்டர் ஆபீசிலும் கொடுத்த மனு இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. மனு கொடுங்கள், அது பின்னால் சாட்சியாக நிற்கும், ஆனால் அதைக் கொடுத்துவிட்டு பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

செலவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: இழப்பீடு கேட்டால் கேட்கிற தொகையில் 1 சதவீதம் கட்டணம், குறைந்தது ரூ.1,000, இழப்பீடு கேட்காவிட்டால் ரூ.1,000 மட்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே கிடையாது. நிலத்துக்காரர் தனியாகவும் போடலாம், விவசாயிகள் சங்கமாகவும் போடலாம். தீர்ப்பாயத்தின் மொழி ஆங்கிலம் என்பதால் தமிழ் ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டிவரும், அந்த வேலைக்கு ஊரே சேர்ந்து ஒரு வழக்காகப் போவது சுலபம்.

ஆவணம் என்றால் பட்டா, சிட்டா, கிஸ்து (நிலவரி) ரசீது, முக்கியமாக அடங்கல், அதாவது எந்த வருடம் என்ன பயிர் இருந்தது என்று எழுதும் கிராமப் பதிவேடு. தண்ணீர் கெட்ட பிறகு நிலம் தரிசாகக் கிடந்தால் அடங்கலில் தரிசு என்றுதான் இருக்கும். அதனால் அதற்கு முந்தைய வருடங்களின் அடங்கலையும் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்குங்கள், மஞ்சளோ வாழையோ அங்கே விளைந்தது என்று சொல்ல அதுதான் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரையும் மண்ணையும் வருடம் இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் கொடுத்து உப்பளவைக் குறித்து வாங்குங்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வு அறிக்கையை வைத்திருப்பவர்கள் குறைவு. தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டிக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், பட்டறைக்கு வாரியம் போட்ட நிபந்தனைகளையும் அதே மனுவில் கேட்கலாம்.

வாய்க்காலில் கலர்த்தண்ணீர் வந்தால் அன்றைக்கே தேதி, நேரம், இடம் தெரியும்படி போட்டோ எடுத்து, வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் பாதிப்பு எப்போது முதலில் தெரிந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். ஐந்து வருடத்தை எண்ண ஆரம்பிப்பது அந்தத் தேதியில் இருந்துதான்.