கர்ப்பகால பிரஷர்: நர்ஸம்மாவிடம் கேட்டுப் பெற வேண்டியது

கர்ப்பிணிக்குப் பிரஷர் பார்ப்பது கிராம சுகாதார செவிலியர் மனம் வைத்துச் செய்கிற உதவி அல்ல. ஒவ்வொரு பரிசோதனையிலும் செய்தாக வேண்டிய வேலை, அதுவும் இலவசமாக. 12 வாரத்துக்குள் துணை சுகாதார நிலையத்தில் பதிந்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். மகப்பேறு நிதியுதவிக்கும், பிறகு பிறப்புப் பதிவுக்கும் அந்த எண்தான் வேண்டும்.

குறைந்தது நான்கு பரிசோதனை: 12 வாரத்துக்குள், 14–26, 28–34, 36க்கு மேல். நான்கு என்பது அடிமட்டக் கணக்குதான். கர்ப்பத்தால் வரும் பிரஷர் 20 வாரத்துக்குப் பிறகே தலைகாட்டும், பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். நம் கொங்குப் பக்கம் பதிவு அறுந்துபோவதும் அப்போதுதான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த பெண், வளைகாப்பு முடிந்து தாராபுரம் பக்கம் தாய் வீட்டுக்குப் போவாள். இங்குள்ள நர்ஸம்மா அங்கே பார்ப்பார்கள் என்று இருந்துவிடுவார். அங்குள்ளவருக்கு இப்படி ஒரு பெண் வந்திருப்பதே தெரியாது. கிளம்புமுன் சொல்லிவிட்டு, தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த ஊர் துணை நிலையத்தில் காட்டுங்கள். பழைய பிக்மி எண்ணையே கொடுங்கள்.

அளக்கிற விதம் சரியில்லாவிட்டால் எண்ணும் பொய் சொல்லும். பஸ் இறங்கி வேகுவேகென்று நடந்து வந்தவரை உடனே அளக்கக் கூடாது. 5 நிமிடம் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கால் மேல் கால் போடாமல், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். கை தொங்கினால் அளவு கூடும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் கூடும். கை பருமனானவருக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரும் இருப்பதாகக் காட்டும். பெரிய பட்டை கேளுங்கள். ரவிக்கைக் கைக்கு மேலேயே சுற்றுவது நேரம் மிச்சம் பிடிக்கிற வேலை, அதை ஏற்க வேண்டாம். ‘நார்மல்தான்’ என்ற பதிலோடு எழுந்துவிடாமல், இரண்டு எண்ணையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90 தொட்டாலே பிரஷர் அதிகம் என்று கணக்கு, இரண்டும் கூட வேண்டியதில்லை. 4 மணி நேரம் கழித்து மறுபடி அளந்து உறுதி செய்வார்கள். 160 அல்லது 110 தொட்டால் காத்திருக்க நேரமில்லை, அன்றே பெரிய ஆஸ்பத்திரி. முதல் மாதங்களில் 100/60 இருந்தவருக்கு இப்போது 132/86 என்றால் நோய் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அடுத்த மாதம் வரை விடாமல் ஒரு வாரத்தில் திரும்பப் பாருங்கள். அட்டையில் பழைய எண் எழுதியிருந்தால்தான் இது கண்ணில் படும்.

கூடவே சிறுநீர்ச் சோதனையும் உண்டு. ‘யூரின்ல உப்புப் போகுது’ என்று சொல்வதைக் கேட்டுப் பலர் சோற்றில் உப்பை நிறுத்திவிடுகிறார்கள். போவது உப்பல்ல, புரதம். உப்பில்லாமல் சாப்பிட்டால் அது நிற்காது. 14 வாரத்திலிருந்து தினம் இரண்டு வேளை தருகிற 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரைதான் கர்ப்பகால பிரஷர் சிக்கல் வராமல் தடுக்க உதவும். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்ட முகாமில் டாக்டரே பார்ப்பார். நான்காம் மாதத்திலிருந்து போகலாம். சிக்கல் உள்ளவர் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைப் பார்த்து மாமியார் வீட்டில் பதற வேண்டாம். எங்கே போனாலும் முதலில் கவனிக்க வேண்டியவர் என்பதற்கான அடையாளம் அது.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகம் வீங்குதல் — இவை வந்தால் 108. கால் வீக்கம் மட்டும் பலருக்கும் வரும். பிரஷர் ஏறி வரும் வலிப்பைத்தான் ஊரில் ஜன்னி என்கிறார்கள். அந்த நிலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன், வலிப்பை அடக்கும் மருந்தான மெக்னீசியம் சல்பேட் ஊசி முதல் டோஸ் 10 கிராம், இரு பிட்டத்திலும் 5 கிராம் வீதம், ஆழமாகப் போட வேண்டும். தாளவாடி மலையிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய பெண்ணுக்கு இந்த ஊசி மேலேயே விழுந்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து, ரத்தம், வண்டி, வீடு திரும்பும் பயணம் எல்லாம் 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம்.

பிரசவம் ஆனதும் அட்டையை மடித்து வைத்துவிடாதீர்கள். பிள்ளை பெற்ற 3ஆம் நாளிலிருந்து 6ஆம் நாள் வரை பிரஷர் மறுபடி ஏறலாம். 3ஆம், 7ஆம் நாள் நர்ஸம்மா வீட்டுக்கு வரும்போது குழந்தையின் எடையைப் பார்ப்பதோடு தாயின் கையிலும் பட்டையைச் சுற்றச் சொல்லுங்கள்.