ஜப்பான் சண்டை: யார் வந்தார்கள், யாருக்கு மிஞ்சியது?

இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் நடந்த சண்டையை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் 'ஜப்பான் சண்டை' என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் அடித்துக்கொண்டார்கள், நடுவில் நாம் நசுங்கினோம் என்பதோடு அவர்கள் கதை முடிந்துவிடும். யாங்கோனுக்கு (பழைய இரங்கூன்) வடக்கே தாவ்க்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இறங்கி, அந்தத் தூண்களை ஒரு சுற்று வந்து பாருங்கள். உடல் கிடைக்காமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைப் படைப்பிரிவு வாரியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சிங், கான், தாப்பா என்று வரிசை நீள்கிறது. இன்னொரு பக்கம் நைஜீரியப் படைப்பிரிவு, கிழக்கு ஆப்பிரிக்கத் துப்பாக்கிப் படை. வெள்ளைக்காரப் பெயர்களும் உண்டு, ஆனால் பெரும்பான்மை அவை இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஜப்பான் தனியாக வரவில்லை. தாய்லாந்துப் படை ஷான் மலைகளில் ஏறியது. பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானின் படை ஜப்பானோடு சேர்ந்து வந்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். பிரிட்டிஷ் பக்கம் கூடவே சீனர்கள், அமெரிக்கர்கள். இத்தனை பேர் பர்மா சேற்றில் கால் வைக்க ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது, ஒருவர் காரணம் மற்றவருடையதோடு ஒட்டவே ஒட்டாது. நாடுகள் ஏன் அடுத்தவர் போரில் சேருகின்றன, முடிந்த பிறகு யார் கைக்கு என்ன வருகிறது என்று அரசியல் அறிவியலாளர்கள் நிறையவே யோசித்திருக்கிறார்கள். அந்தக் கோட்பாடுகளைச் சோதித்துப் பார்க்க பர்மாவைவிடத் தோதான களம் இருக்குமா என்று தெரியவில்லை.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம்: சேர்ந்த எல்லோரையும் கேட்டுச் சேர்க்கவில்லை. 1939 செப்டம்பர் 3 அன்று இந்தியா போரில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். எந்த இந்தியத் தலைவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை எதிர்த்துத்தான் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை விலகியது. நைஜீரியாவும் கோல்டு கோஸ்ட்டும் (இன்றைய கானா) இதே கணக்குதான்.

கேட்டுச் சேர்ந்தவர்களின் கணக்கு வேறு. 1966-ல் மான்சர் ஓல்சன், ரிச்சர்ட் செக்கவுசர் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் கூட்டணிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். எதிரியை விரட்டுவது பொதுப்பண்டம் என்பது அவர்கள் வாதம். கோயில் திருவிழாவுக்கு வரி கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரே சீரியல் விளக்கைத்தானே பார்க்கிறார்கள்! ஆகவே சின்னக் கூட்டாளி கையைச் சுருக்கிக்கொள்வான், பெரியவன் தலையில் பாரம் கூடும். ஆனால் பொதுப்பண்டத்தோடு தனிப்பண்டமும் உண்டு: ஒரு சாலை, ஒரு எண்ணெய் வயல், ஒரு துண்டு நிலம். இது எனக்கு மட்டும், உனக்கில்லை. கூட்டணிப் பேச்சில் மேடையில் ஒலிப்பது முதலாவது. கதவடைத்த அறையில் பேரம் நடப்பது இரண்டாவதுக்கு.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மா யாரிடம் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. ஜப்பானியப் படையின் பெரும்பகுதியைச் சீனா பிடித்து வைத்திருக்க வேண்டும், அதற்குச் சீனாவுக்குச் சரக்கு போக வேண்டும், சரக்கு போகும் வழி பர்மா. லாஷியோ சாலையை ஜப்பான் அடைத்ததும், அசாமின் லெடோவிலிருந்து புதிதாக ஒரு மலைச்சாலை வெட்டினார்கள். பிரிட்டனுக்கோ இரங்கூனைத் திரும்பப் பிடிப்பதில்தான் குறி. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகத்தின் ஆங்கிலச் சுருக்கமான SEAC-ஐ 'இங்கிலாந்தின் ஆசியக் காலனிகளைக் காப்பாற்று' என்று விரித்துச் சொல்லி அமெரிக்கச் சிப்பாய்கள் கேலி செய்தார்களாம். கேலியில் தப்பில்லை.

அந்த லெடோ சாலையின் கதியைப் பாருங்கள். முதல் லாரி வரிசை குன்மிங் போய்ச் சேர்ந்தபோது 1945 பிப்ரவரி 4. ஆகஸ்ட்டில் போரே முடிந்துவிட்டது. அதற்குள் இமயமலைக்கு மேலே விமானத்தில் போன சரக்கு, சாலையில் போனதைவிடப் பல மடங்கு. சாலையால் பயன் பெற வேண்டிய சீனத் தலைவர் சியாங் கை ஷேக் 1949-ல் சீனாவையே இழந்தார். தோற்ற அவருடைய படையில் ஒரு பகுதி ஷான் மாநிலத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. நேச நாட்டுக்கு வழி விட்ட பர்மா, அந்த நேச நாட்டின் படையை வெளியேற்றச் சொல்லி 1953-ல் ஐ.நா.வில் முறையிட வேண்டி வந்தது.

தாய்லாந்துக்கு வருவோம். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பான் கரையிறங்கியது. சில மணி நேரச் சண்டை, பிறகு சமாதானம், 21-ஆம் தேதி கூட்டணி ஒப்பந்தம். அடுத்த ஜனவரியில் பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர்ப் பிரகடனம். கூலியாக ஷான் மலைகளில் உள்ள கெங்துங் பகுதி கிடைத்தது. பலமானவன் பக்கம் சாய்ந்துகொள்ளும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஆனால் தாய்லாந்துக்குப் பின்கதவு ஒன்றும் திறந்திருந்தது. வாஷிங்டனில் இருந்த தூதர் சேனி பிரமோஜ் போர்ப் பிரகடனத்தை அமெரிக்க அரசிடம் கொடுக்கவே மறுத்தார். போர் முடிந்ததும் அவர்தான் பிரதமர்! பிரிட்டன் தண்டமாக 15 லட்சம் டன் அரிசி கேட்டது. அமெரிக்கா குறுக்கே நின்றதில் அது பிறகு விலை கொடுத்து வாங்கும் அரிசியாக மாறியது. கெங்துங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 1946 டிசம்பரிலேயே தாய்லாந்து ஐ.நா.வில் உட்கார்ந்துவிட்டது. தோற்ற பக்கத்தில் இருந்தும் இவ்வளவு மலிவாகத் தப்பிய நாடு வேறொன்று எனக்கு நினைவில்லை.

இதை விளக்க, பேரங்களையும் உத்திகளையும் ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் ஒரு எளிய கேள்வி உண்டு. இந்தக் கூட்டாளி விலகினால் மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்? அந்த நஷ்டம்தான் அவனுடைய விலை. முன்பு சிந்திய ரத்தம் இந்த விலையில் சேராது. வில்லியம் ரைக்கர் 1962-ல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம்: வெல்வதற்குப் போதுமான அளவுக்கு மேல் ஒரு கூட்டணி பெருத்தால், பங்கு குறையும் என்பதால் அது தானே உடையப் பார்க்கும். வெற்றி உறுதியான நாளிலிருந்து கூட்டாளியின் விலை சரியத் தொடங்குகிறது. முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனியின் கூட்டாளியாக இருந்த இத்தாலி, போர் தொடங்கியதும் ஒதுங்கி நின்று, 1915-ல் லண்டனில் ரகசியமாகக் கையெழுத்திட்டுப் பக்கம் மாறியது. போர் முடிந்ததும், வாக்களித்த டால்மேஷியாவில் பெரும்பகுதியை யாரும் தரவில்லை.

ஆங் சான் இந்தச் சரிவை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார் என்றே நினைக்கிறேன். ஜப்பானிடம் பயிற்சி பெற்று வந்தவர், ஜப்பான் 1943-ல் கொடுத்த 'சுதந்திர' அரசில் அமைச்சராக இருந்தவர், 1945 மார்ச் 27-ல் ஜப்பானுக்கு எதிராகத் திரும்பினார். பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மின் படை மெய்த்திலாவைப் பிடித்து இரங்கூனை நோக்கி ஓடிக்கொண்டிருந்த நேரம், பருவமழைக்கு முன் போய்ச் சேர்ந்தாக வேண்டும். முதுகுப்பக்கம் ஆயிரக்கணக்கான பர்மிய வீரர்கள் நண்பர்களா எதிரிகளா என்பதற்கு அன்று பெரிய விலை இருந்தது. மே மாதம் இருவரும் சந்தித்தார்கள். நாங்கள் ஜெயிக்கிறோம் என்பதால்தானே வந்தீர்கள் என்று ஸ்லிம் கேட்க, ஜெயிக்காதவரிடம் வந்து என்ன பயன் என்று ஆங் சான் திருப்பிக் கேட்டதாக ஸ்லிம்மே எழுதி வைத்திருக்கிறார். துரோகி என்று பிடித்து விசாரிக்கச் சொன்ன பழைய அதிகாரிகளை மவுண்ட்பேட்டன் ஒதுக்கிவிட்டார். மூன்றே ஆண்டுகளில், 1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திர நாடு. அதைப் பார்க்க ஆங் சான்தான் இல்லை.

மலைகளில் கரேன் மக்கள் இதற்கு நேர்மாறு. 1942-லிருந்தே பிரிட்டிஷ் பக்கம் நின்றவர்கள். மேஜர் சீக்ரிம் என்ற அதிகாரியை மறைத்து வைத்ததற்காக ஜப்பானியர் கிராமங்களைச் சித்திரவதை செய்ததில், அவரே இறங்கி வந்து சரணடைந்தார். 1945-ல் இரங்கூன் போகும் வழியில் உள்ள டவுங்கூவுக்கு விரைந்த ஜப்பானியப் படையை வழியில் தாமதப்படுத்தியதும் கரேன் கொரில்லாக்கள்தான். தனி நாடு கேட்டு 1946-ல் லண்டன் போன அவர்களின் தூதுக்குழு வெறுங்கையோடு திரும்பியது. காரணம் கொடுமையாக எளியது: பக்கம் மாறுவார்கள் என்ற பயம் அவர்களால் யாருக்கும் இல்லை. போருக்கு முன் கொடுத்த நம்பிக்கையைப் போருக்குப் பின் நிறைவேற்ற வைக்க எந்தக் கோர்ட்டும் கிடையாது. 1949-ல் தொடங்கிய அவர்கள் கிளர்ச்சியின் கதை நமக்குத் தெரிந்ததே.

இனி பணம். பிரிட்டன் ஜெயித்தது, ஆனால் கடனாளியாக. 1946-ல் அமெரிக்காவிடம் வாங்கிய 375 கோடி டாலர் கடனின் கடைசித் தவணையை 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தார்கள். இந்தியாவுக்கு வெளியே போரிட்ட இந்தியப் படைகளின் செலவு பிரிட்டனுடையது என்று ஏற்பாடு. ஆனால் ரொக்கமாகக் கொடுக்கவில்லை. லண்டனில் இந்தியாவின் பெயரில் பவுண்டு வரவு எழுதினார்கள். அந்த வரவைக் காட்டி இங்கே ரிசர்வ் வங்கி ரூபாய் அச்சடித்தது. அந்த ரூபாயில் ராணுவம் அரிசி வாங்கியது, விலை ஏறியது. பர்மா அரிசியும் நின்றுபோன 1943-ல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியது 100 கோடி பவுண்டுக்கு மேல். கடன் கொடுத்தவன் அடிமை, வாங்கியவன் எஜமான்!

இரங்கூன் அருகே இருந்த சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை விவகாரம் இன்னும் விசித்திரம். நம்மவர்கள் நிறையப் பேர் வேலை பார்த்த இடம். 1942 மார்ச் 7-ல், ஜப்பான் கையில் சிக்கக்கூடாது என்று பிரிட்டிஷ் உத்தரவிலேயே அதை வெடிவைத்துக் கொளுத்தினார்கள். சொந்த அரசு அழித்ததற்கு இழப்பீடு கேட்டு பர்மா ஆயில் கம்பெனி வழக்குப் போட்டு, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் 1964-ல் ஜெயித்தே விட்டது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம், பழைய தேதியிலிருந்து செல்லும்படி ஒரு சட்டம் போட்டு அந்த உரிமையை ரத்து செய்தது. கோர்ட் ஏறி ஜெயித்த பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், ஜப்பானுக்குப் பயந்து அசாம் வரை கால்நடையாகத் தப்பிப் போன நம் ஆட்கள் எந்தக் கோர்ட்டில் ஏறுவது?

ஆப்பிரிக்கச் சிப்பாய்க்கு? 1948 பிப்ரவரி 28-ல் அக்ராவில் ஓய்வூதியம் கேட்டு ஊர்வலம் போன முன்னாள் படைவீரர்கள்மீது போலீஸ் சுட்டதில் மூவர் செத்தார்கள். அவர்களில் பர்மாவில் சண்டை போட்டுத் திரும்பியவரும் உண்டு. அந்தக் கலவரம்தான் கானாவின் விடுதலையை விரைவுபடுத்தியது. யாரும் கணக்கில் எழுதாத லாபம் இது.

தோற்ற ஜப்பான் 1954-ல் பர்மாவுக்கு 20 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. பத்து ஆண்டுகளுக்கு, ஜப்பானியப் பொருளாகவும் வேலையாகவும். பலுச்சாங் நீர்மின் நிலையம் அப்படி வந்ததுதான். லாரி, சிறு வண்டி, உழவு இயந்திரம், மின்சாதனம் ஆகியவற்றுக்கான தொழிற்சாலைத் திட்டங்களும் வந்தன: ஹினோ, மஸ்தா, குபோட்டா, மாட்சுஷிதா. நம் தெருக்களில் வெகுகாலம் ஓடிய நீல நிற மஸ்தா டாக்சியின் வேர் அங்கே இருக்கிறது. இழப்பீடு கொடுத்த கையோடு ஜப்பான் தன் சந்தையையும் பிடித்துக்கொண்டது. பர்மாவும் லேசுப்பட்டதில்லை. பின்னால் மற்ற நாடுகளுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மறுபடி பேசுவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தது. பிலிப்பைன்ஸுக்கு 55 கோடி டாலர் போனதைக் காட்டி, 1963-ல் இன்னும் 14 கோடி டாலர் மானியம் வாங்கியது.

பர்மாவின் தன்பியூசாயட்டிலிருந்து தாய்லாந்துக்கு ஜப்பான் போட்ட மரண ரயில் பாதை, 415 கிலோமீட்டர், அதுவும் பேரத்துக்கு வந்தது. மலாயாவிலிருந்து பிடித்து வந்த தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் காலராவில் மாய்ந்த பாதை. தாய்லாந்துப் பக்கத்துப் பகுதியை பிரிட்டன் தாய்லாந்து அரசுக்கு 5 கோடி பாட்டுக்கு விற்றது. பர்மா, மலாயா, ஜாவா ரயில்வேக்களிலிருந்து ஜப்பான் பெயர்த்துக் கொண்டுவந்த தண்டவாளத்துக்கும் பெட்டிகளுக்கும் ஈடாக அந்தத் தொகை பேசப்பட்டது.