கதையை வரைபவரும் கதாசிரியரே

அனிமேஷன் படிப்பில் சேர்ப்பது பற்றி ஆலோசனை கேட்டு வரும் பெற்றோர்கள், பிள்ளை வரைந்த படங்கள் நிறைந்த கோப்பு ஒன்றையும் பெரும்பாலும் கையோடு கொண்டுவருகிறார்கள். கோயில் கோபுரங்களும் நடிகர்களின் முகங்களும் அதில் ஒளி நிழல் பிசகாமல் வரையப்பட்டிருக்கும். ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. ஸ்டோரிபோர்டு, அதாவது திரைக்கதையைப் படம் படமாகத் திட்டமிடும் பலகை, வரைவதையும் சிறுவர் நூல்களுக்குப் படம் போடுவதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்தத் தொழில் எங்களிடம் முதலில் கேட்பது கதை சொல்லும் திறனைத்தான் என்பதை அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, டிஸ்னி ஸ்டூடியோவில் 27 ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டுச் சிறுவர் நூல்களுக்குப் போன பில் பீட் என்ற அமெரிக்க ஓவியரின் வாழ்க்கையை.

அனிமேஷன் படத்தில் ஸ்டோரி ஆர்ட்டிஸ்ட் செய்யும் வேலை வெளியில் அதிகம் தெரியாத ஒன்று. 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டூடியோவில் உருப்பெற்ற முறைப்படி, கதையின் ஒவ்வொரு தருணத்தையும் தனித்தனிச் சிறு தாளில் வேகமாக வரைந்து, பெரிய பலகையில் வரிசையாகக் குத்திவைப்பார்கள். 1933 இல் வெளிவந்த மூன்று பன்றிக்குட்டிகள் குறும்படம் முழுமையாக இம்முறையில் திட்டமிடப்பட்ட தொடக்ககாலப் படங்களில் ஒன்று. தாள்கள் தனித்தனியாக இருப்பதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது: ஒரு காட்சி இழுத்தால் இரண்டு தாள்களைப் பிடுங்கிவிடலாம், நகைச்சுவை முன்கூட்டியே அம்பலமாகிவிட்டால் இடம் மாற்றிக் குத்திப் பார்க்கலாம், முழுக் காட்சியும் தேறாவிட்டால் பலகையையே காலி செய்துவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்கலாம். பிறகு இயக்குநரும் தயாரிப்பாளரும் உட்கார்ந்திருக்க, ஓவியர் ஒரு குச்சியால் ஒவ்வொரு படமாகச் சுட்டி, எல்லாப் பாத்திரங்களுக்கும் தாமே குரல் கொடுத்து நடித்துக் காட்ட வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வரைந்த படங்களில் ஒன்றுகூடத் திரைக்கு வராது. படம் முடிந்ததும் அவை பெட்டிக்குள் போகும், அல்லது குப்பைக்குப் போகும்.

பீட் 1915 இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். இந்தியானாபொலிஸ் நகரின் ஜான் ஹெரன் கலைப்பள்ளியில் படித்தவர். 1937 இல் டிஸ்னியில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை இன்-பிட்வீனர் வேலை, அதாவது மூத்த அனிமேட்டர் வரைந்த இரண்டு முக்கிய நிலைகளுக்கு நடுவே வரவேண்டிய அசைவுகளை வரைந்து நிரப்பும் வேலை. நாள் முழுவதும் டொனால்டு டக் என்ற வாத்தையே வரைந்து சலித்துப்போனவர், இனி வாத்தே வேண்டாம் என்று கத்திவிட்டு வெளியேறினார். விட்டுவந்த மேல்சட்டையை எடுக்கத் திரும்பிப் போனபோது, பினோக்கியோ படத்துக்காக அவர் முன்பே வரைந்து கொடுத்திருந்த பூதங்களின் படங்கள் பிடித்துப்போனதால், அவரைக் கதைப் பிரிவுக்கு மாற்றியிருக்கும் செய்தி காத்திருந்தது. அங்கேயும் அவர் உடனே தலையெடுத்துவிடவில்லை. பல பேர் சேர்ந்து கதை பண்ணிய படங்களில் அவரும் ஒருவராகவே நீண்ட காலம் இருந்தார்.

1961 இல் வெளிவந்த, புள்ளி நாய்களைப் பற்றிய 101 டால்மேஷன்கள் படத்தில் அந்த நிலை மாறியது. டிஸ்னியின் முழுநீள அனிமேஷன் படம் ஒன்றின் கதைப் பொறுப்பு ஒரே ஒருவர் பெயரில் முதன்முதலாகத் திரையில் வந்தது அதில்தான். அதற்கு மூலமாக டோடி ஸ்மித் 1956 இல் எழுதிய நாவலைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பவர்களுக்குப் பீட் செய்த வேலை கண்ணில் படும். நாவலில் ஆண் நாயான போங்கோவின் துணைக்குப் பெயர் மிஸ்ஸிஸ். பெர்டிட்டா என்பது குட்டிகளுக்குப் பால் கொடுக்க வந்துசேரும் வேறொரு நாய். பீட் இந்த இரண்டு தாய்களையும் ஒன்றாக்கி, பெயரை மட்டும் பெர்டிட்டா என்று வைத்துக்கொண்டார். வீட்டிலிருந்த இரண்டு ஆயாக்கள் ஒருவரானார்கள். தோலுக்காகக் குட்டிகளைத் திருடும் வில்லி க்ருவெல்லாவின் கணவரும் அவளுடைய வெள்ளைப் பூனையும் கதையிலிருந்தே போய்விட்டார்கள்.

இவற்றை வெறும் சுருக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. வாசகர் ஒரு பத்தியில் இரண்டு தாய் நாய்களைப் பெயரால் பிரித்தறிந்துகொள்ள முடியும். ஒரே மாதிரிப் புள்ளிகள் கொண்ட இரண்டு பெண் நாய்கள் திரையில் அடுத்தடுத்து நின்றால், யாருடைய குட்டிகளுக்காக மனம் பதற வேண்டும் என்று குழந்தைக்குப் புரியாது. கணவர் என்று ஒருவர் பக்கத்தில் நின்றால் க்ருவெல்லாவின் வெறி பாதியாகக் குறைந்து தெரியும். எழுதி யோசிப்பவருக்கு இந்தச் சிக்கல் தெரியவர நாளாகும், ஆனால் வரைந்து யோசிப்பவருக்கு மூன்றாவது தாளிலேயே தெரிந்துவிடும். நாவலாசிரியரும் பீட்டின் வேலையைப் பாராட்டியே எழுதினார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் நூலை வெட்டியவரை மெச்சும் எழுத்தாளர்கள் எந்த நாட்டிலும் அரிது.

அடுத்து 1963 இல் வந்த படத்தில் மெர்லின் என்ற மந்திரவாதிக்கு, முதலாளியான வால்ட் டிஸ்னியின் மூக்கையும் முன்கோபத்தையுமே பீட் மாதிரியாக எடுத்துக்கொண்டார். இருவருக்கும் ஒத்துப்போன காலம் அத்துடன் முடிந்தது. காட்டுச் சிறுவன் மௌக்ளியின் கதையைப் படமாக்கும்போது, பீட் அமைத்த கதை இருண்டதாக இருக்கிறது என்று டிஸ்னி கருதினார், பீட் இறங்கிவரவில்லை. 1964 இல், தம் 49 ஆவது பிறந்தநாளன்று ஸ்டூடியோவை விட்டு விலகினார்.

அவர் வெறுங்கையோடு வெளியேறவில்லை என்பதுதான் இளம் ஓவியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. வேலையில் இருந்தபோதே, 1959 இல், பிடரி மயிர் தீயில் கருகிப்போன சிங்கம் ஒன்றின் கதையைச் செய்யுளாக எழுதித் தாமே படம் வரைந்து முதல் நூலை வெளியிட்டிருந்தார். பிறகு 30க்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன. எழுத்தும் அவருடையது, படமும் அவருடையது.

ஸ்டோரிபோர்டில் பழகிய கை அந்த நூல்களில் தெரிகிறது. 1970 இல் வந்த தி வம்ப் வேர்ல்டு என்ற நூலில், புல் மேய்ந்து நிம்மதியாக வாழும் வம்ப் என்ற பிராணிகளின் உலகத்துக்கு வேற்றுக் கோளிலிருந்து ஒரு கூட்டம் வந்திறங்கி, எல்லா இடத்தையும் கட்டடமும் புகையும் குப்பையுமாக்கிவிட்டுப் போய்விடுகிறது. பூமிக்கு அடியில் ஒளிந்திருந்த வம்புகள் வெளியே வருகின்றன. தொடக்கப் பக்கங்களில் தாளின் பெரும்பகுதி புல்வெளிக்கும் வானத்துக்கும் விடப்பட்டிருக்கிறது. வந்தவர்கள் இறங்கிய பிறகு இயந்திரங்கள் பெருகப் பெருக அந்த வெற்றிடம் நிரம்பி, மூச்சுவிட இடமில்லாமல் போகிறது. சூழல் கெட்டுவிட்டது என்று எழுத்து சொல்லும் முன்பே, படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அது புரிந்துவிடுகிறது. மடியில் உட்கார்ந்து கேட்கும் குழந்தையின் கண் எழுத்தில் இருப்பதில்லை, படத்தில்தான் இருக்கிறது. எனவே பெரியவர் வாசித்து முடிப்பதற்குள் பக்கத்தைப் புரட்டிவிடாமல், அந்தப் பார்வைக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

சிறுவர் படநூல் பொதுவாக 32 பக்கங்களில் அமைகிறது. அச்சிட்ட பெரிய தாளை மடித்து வெட்டும் கணக்கிலிருந்து வந்த அளவு இது. ஒவ்வொரு தாளைத் திருப்பும்போதும் ஒரு காட்சி மறைந்து மற்றொன்று வருகிறது. எதைத் திருப்பலுக்கு முன் காட்டுவது, எதைத் திருப்பிய பின் காட்டுவது என்று தீர்மானிப்பது கதைத் தீர்மானம். இதைத்தான் பல பதிப்பாளர்கள் உணர்வதில்லை. கதை எழுதி, பிழை திருத்தி, பக்கம் பிரித்து எல்லாம் முடிந்த பிறகு, இங்கே ஒரு யானை, அங்கே ஒரு பாட்டி என்று குறித்து அனுப்பிவிட்டுப் பத்து நாளில் படம் கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நூல்களில், பாட்டி சிரித்தாள் என்று எழுத்து சொல்லும், பக்கத்திலேயே பாட்டி சிரித்துக்கொண்டிருப்பாள். படம் புதிதாக ஒன்றும் சொல்லாது.

தொழிலுக்கு வர விரும்புகிறவர்களுக்கு என் ஆலோசனை, கோப்பில் பத்து முகங்களை வைப்பதற்குப் பதிலாக, வசனமே இல்லாத ஒரு சிறு நிகழ்ச்சியை இருபது சிறு படங்களில் வரைந்து வையுங்கள் என்பதே. பால் பொங்குவதற்குள் பூனை அடுப்படிக்கு வந்துவிடும் அளவுக்கான கதை போதும். அதை விளக்கம் சொல்லாமல் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் எந்தப் படத்தில் தயங்குகிறாரோ அதை மாற்றி வரையுங்கள்.

உரிமை விஷயத்தில் இங்கே பலரும் விவரம் தெரியாமலே கையெழுத்துப் போடுகிறார்கள். இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17 ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வேலையில் இருந்துகொண்டு வேலைக்காக வரைந்ததற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து வரையச்சொன்ன ஓவியத்துக்கும் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19 ஆவது பிரிவு கொள்கிறது. உரிமையை முழுவதும் விற்றுவிட்ட பிறகும், இதை வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57 ஆவது பிரிவு ஓவியருக்கே விட்டுவைக்கிறது. ஆகவே அட்டையில் பெயர் வருமா, மறுபதிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் தனியாகப் பணம் உண்டா, அசல் ஓவியங்கள் யாரிடம் இருக்கும் என்ற மூன்றையும் முதல் கோடு போடுவதற்கு முன்பே கேட்டு, வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.